ஆட்டம் குளோஸ்!

உங்க ஊர்ல, உங்க தெருவுல, வயசான லாரியோ டிராக்டரோ ஜீப்போ ஏதாவது நிக்குதா பாஸ்? ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு, என்ஜின் ஆஃப்ல இருக்கும்போது கியர் லிவரைப் பிடிச்சு முன்னும் பின்னுமா லேசா ஆட்டிப் பாருங்க. உள்ளே எதுவுமே நகராம, லிவர் மட்டும் சும்மா ஆடுற தூரம் ஒண்ணு இருக்கும். அதைத்தான் பட்டறைக்காரங்க ‘ஆட்டம்’னு சொல்வாங்க. புது வண்டியில் அது கடுகளவு. பழைய வண்டியில் சாண் கணக்கு!

“லிவர்தானே ஆடுது, வண்டி ஓடுதுல்ல?” என்று கேட்பீர்கள். ரோட்டு வண்டி என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் ஃபோர் வீல் ஜீப்பில், அதுவும் மழை பெய்த கரிசல் காட்டில், அந்த ஆட்டம் விளையாட்டுக் காரியம் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்க.

கோவில்பட்டி என்றதும் உங்களுக்குக் கடலை மிட்டாய் ஞாபகம் வரும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், வராமல் இருக்குமா? தீப்பெட்டி ஞாபகம் வரும். புத்தகம் படிக்கிற ஆள் என்றால் பக்கத்து இடைசெவலும் கி.ரா.வும் ஞாபகம் வருவார்கள். இந்த ஊர்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே மண். கரிசல்.

இந்த மண்ணுக்கு இரண்டு முகம். சித்திரையில் போய்ப் பாருங்கள்... பாளம் பாளமாக வெடித்து, கை நுழையும் அளவுக்குப் பிளந்து, கல் மாதிரி கெட்டியாகக் கிடக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அதே மண் அப்பமாவு மாதிரி ஆகிவிடும். காரணம், அதில் இருக்கும் மான்ட்மோரில்லனைட் என்ற களிமண் வகை. தண்ணீரை உள்ளே இழுத்து வீங்கும், காய்ந்தால் சுருங்கும். மழைக்குப் பிறகு கரிசலில் பத்தடி நடந்தால் செருப்பின் அடியில் இன்னொரு செருப்பு முளைத்திருக்கும். டயரும் அப்படித்தான். பட்டன் எல்லாம் மண் அடைத்து, மொழுமொழுவென்று ஆகி, நின்ற இடத்திலேயே சுற்றும். பைக் போகாது. கார் கிட்டவே வராது.

ஆனால் வெள்ளாமை அந்த மழையில்தான் இருக்கிறது! இங்கே முக்கால்வாசியும் மானாவாரி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு, பருத்தி, மிளகாய் எல்லாம் புரட்டாசி, ஐப்பசி ஈரத்தை நம்பித்தான். ஆக, எந்த மாதத்தில் காட்டுக்குப் போயே ஆக வேண்டுமோ, அந்த மாதத்தில்தான் பாதை இருக்காது. இந்தப் பாதையில்லாப் பாதைக்குத்தான் எங்க மாமா ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறார். எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே அவர் ஊர். ஊரிலிருந்து புஞ்சை மூணு கிலோமீட்டர். நடுவில் ஒரு ஓடை.

ராணுவத்திலிருந்து கரிசலுக்கு

இந்த ஜீப்புக்கு ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். அமெரிக்க ராணுவம் 1940-ல், நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு குட்டி வண்டி வேண்டும் என்று கேட்டது. அப்படிப் பிறந்ததுதான் ஜீப். ஒஹாயோ மாநிலம் டொலிடோவில் இருந்த வில்லிஸ் கம்பெனி, இரண்டாம் உலகப் போர் முழுக்க அதைச் செய்து தள்ளியது. 1945-ல் தொடங்கிய நம்ம மகிந்திரா நிறுவனம், 1940-களின் கடைசியிலேயே வில்லிஸ் ஜீப்பை பம்பாயில் பூட்ட ஆரம்பித்துவிட்டது. பிறகு இங்கேயே தயாரிப்பு. போலீஸ், காடு, மின்சார வாரியம், அணைக்கட்டு என்று எங்கே தார் ரோடு முடிகிறதோ அங்கே ஜீப் ஆரம்பித்தது. அரசாங்க ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப்புகள் விவசாயிகளின் கைக்கு வந்தன.

அந்தப் பரம்பரை ஜீப்பில் கியர் லிவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டி லிவர்கள் நிற்கும். இரண்டும் ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ என்ற பெட்டிக்குப் போகின்றன. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பெட்டிதான், என்ஜினில் இருந்து வரும் சக்தியை முன் கிரவுனுக்கும் பின் கிரவுனுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு லிவர் முன் சக்கரங்களைச் சேர்க்கவும் விலக்கவும். இன்னொரு லிவர் ஹை, நியூட்ரல், லோ. லோவில் போட்டால் வேகம் குறையும், இழுவை மாடலைப் பொறுத்து இரண்டு, இரண்டரை மடங்காகும். 1941 ராணுவ ஜீப்பிலேயே ‘ஸ்பைசர் 18’ என்ற பெயரில் வந்த டிசைன் இது. இன்றைய தாரிலும் ஜிம்னியிலும் கூட டிரான்ஸ்ஃபர் லிவர் ஒன்று இருக்கிறது. இரண்டு லிவரின் வேலையையும் ஒன்றே செய்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு புத்திசாலித்தனம் ஒளிந்திருக்கிறது. முன் சக்கரத்தைச் சேர்க்காமல் லோ போட முடியாது! அவ்வளவு இழுவையையும் பின் கிரவுன் மட்டும் தாங்கினால் உடைந்துவிடும் அல்லவா? அதனால் இரண்டு லிவர்களின் ராடுகளுக்கு நடுவே விரல் நுனி அளவுக்கு ஒரு பூட்டுப் பின் வைத்தார்கள். முதல் ராடு முழுசாக உள்ளே போய் உட்கார்ந்தால்தான் அந்தப் பின் நகர்ந்து இரண்டாவது ராடுக்கு வழிவிடும். ‘முழுசாக’ என்ற இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

ஓடையில் நடந்தது

மாமாவின் ஜீப்பில் இரண்டு லிவருமே வருஷக்கணக்காக ஆடிக்கொண்டிருந்தன. ஒரு லிவரில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். இன்னொன்றில் கட்டுக்கம்பி. “அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு மருமகனே. எனக்கு மட்டுந்தான் கட்டுப்படும்” என்பார், ஏதோ மாட்டைப் பற்றிச் சொல்வது போல.

போன ஐப்பசி. உளுந்து மூட்டைகளோடு ஓடையில் இறங்கி, மறுகரை ஏறும்போது லோ கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. என்ஜின் அலறுது, சக்கரத்துக்கு இழுவை இல்லை, வண்டி பின்னால் உருளுது. பின்னால் மூட்டை மேல் அத்தை. மாமா ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தார். இந்த ரக ஜீப்பில் ஹேண்ட் பிரேக், டிரான்ஸ்ஃபர் கேஸில் இருந்து பின்னால் போகிற ஷாஃப்ட்டிலேயே இருக்கும். அதனால் கியர் கழன்றாலும் பிரேக் பிடித்தது. இரண்டு மூட்டை தண்ணீரோடு போனது. அத்தைக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான் நஷ்டம். ஆனால் கரையேறிய அத்தை சொன்ன வார்த்தை இது: “இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டேன். நீங்களும் ஏறக் கூடாது.”

டவுனில் ஒரு பட்டறையில் காட்டினார்கள். பெட்டியையே மாற்றணும், இருபத்தஞ்சாயிரம் ஆகும் என்றார்கள். வெள்ளாமை வீடு வந்து சேராத நேரத்தில் இருபத்தஞ்சாயிரத்துக்கு எங்கே போவது? பழைய இரும்புக்கு எடைபோட ஆள் பேசியாயிற்று. செமஸ்டர் லீவில் நான் போனபோது நிலவரம் இதுதான்.

2 மில்லிமீட்டரின் வேலை

நான் மெக்கானிக்கல் படிக்கிற ஆள். ‘தியரி ஆஃப் மெஷின்ஸ்’ பேப்பரில் லிவர், லிங்க், பிவட் எல்லாம் பக்கம் பக்கமாக வரைந்தாகிவிட்டது. அதனால் விற்பதற்கு முன் ஒரு நாள் டைம் கேட்டேன். கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்த லேத் அண்ணாச்சி ஒருத்தர் இருக்கிறார். தீப்பெட்டி மிஷினுக்கு உதிரி பாகம் கடைந்து கடைந்தே கை பழுத்தவர். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே வந்தார். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “தம்பி, ஆட்டத்த நிறுத்துறது அப்புறம். மொதல்ல ஆட்டம் எங்க இருக்குன்னு பாரு.”

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். தரைத் தகட்டையும் கிழிந்த ரப்பர் உறையையும் கழற்றினோம். மாமா மேலே உட்கார்ந்து லிவரை ஆட்ட, நான் கீழே ராடு மேல் விரலை வைத்துப் பார்த்தேன். மேலே லிவர் நன்றாக ஆடுகிறது, கீழே ராடு அசையவே இல்லை. ஆக, பெரிய ஆட்டம் பெட்டிக்குள் இல்லை, வெளியே இருக்கிறது! இரண்டு லிவரும் குறுக்கே ஓடும் ஒரே பின்னில்தான் மாட்டியிருக்கின்றன. அந்தப் பின் படிக்கட்டு மாதிரி தேய்ந்திருந்தது. லிவரில் அதற்கான ஓட்டை வட்டம் மறந்து முட்டை வடிவம் ஆகியிருந்தது. ராடின் பள்ளத்தில் உட்காரும் லிவரின் அடிமுனை மழுங்கியிருந்தது.

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான். பின்னில் இருந்து மேலே குமிழ் வரை 40 சென்டிமீட்டர். கீழே முனை வரை 5 சென்டிமீட்டர். அதாவது கீழே 1 மி.மீ. லூஸ் என்றால் மேலே அது 8 மி.மீ. ஆகத் தெரியும். எங்கள் லிவரின் முனையில் லூஸ் 2 மி.மீ. அது மேலே 16. பின்னில் 1 மி.மீ. லூஸ். முனை நிலையாக நின்று பின்னின் இடத்தில் லிவர் நகர்ந்தால் நீளம் 45-க்கு 5 என்று ஆகிறது, அதாவது ஒன்பது மடங்கு. அது ஒரு 9. மொத்தம் 25 மி.மீ. வெர்னியரில் அளந்தால் 3 மி.மீ. தேய்மானம், கையில் பிடித்தால் ஒரு அங்குல ஆட்டம்!

சரி, ஆடினால் என்ன? இங்கேதான் விஷயம். லிவர் போகக்கூடிய தூரம் அளவானது. தரைத் தகட்டின் ஓரத்தில் முட்டினால் முடிந்தது. அந்தத் தூரத்தில் ஒரு அங்குலத்தை ஆட்டமே தின்றுவிட்டால், ராடுக்குப் போய்ச் சேருவது மிச்சம்தான். ராடு முழுசாக நகராது. நகர்ந்த இடத்தில் அதைப் பிடித்து வைக்க ஒரு ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கின்றன. ராடில் இருக்கும் பள்ளத்தில் குண்டு ‘டக்’கென்று விழுந்தால்தான் கியர் நிற்கும். முழுசாகப் போகாத ராடில் குண்டு பள்ளத்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். பல்லும் பல்லும் பாதி அகலத்துக்கு மட்டும் கடித்திருக்கும். சமதரையில் இழுத்துவிடும். ஓடைக்கரையில் முழு லோடு வரும்போது? கழன்றுவிடும். அன்றைக்கு நடந்தது அதுதான்.

பூட்டுப் பின்னையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முன் சக்கர ராடு முழுசாக உட்காரவில்லை என்றால் பூட்டு விலகாது, லோ விழாது. ‘லோ லிவர் ஜாம்’ என்று நினைத்து டிரைவர் காலால் உதைப்பார். பழுது ஒரு லிவரில், உதை இன்னொரு லிவருக்கு! கொஞ்ச நாளில் அதுவும் ஆடும். ஒரு வண்டியில் இரண்டு லிவரும் ஜோடி போட்டுத் தேய்கிற ரகசியம் இதுதான்.

கரிசலின் பங்கும் இதில் உண்டு. இந்த ஜீப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடும். சகதியில் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். அப்படியே ஃபோர் வீலிலேயே தார் ரோட்டுக்கு ஏறினால் வழுக்க இடமில்லை. ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொண்டு பல்லைப் பல் நெரிக்கும். லிவரை விடுவிக்க முடியாது. எல்லாரும் அப்போது செய்வது, பலங்கொண்ட மட்டும் இழுப்பது. பின் தேயாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, கிழிந்த உறை வழியாக ஏறும் மண்ணில் சுக்கான் கல் பொடியும் கலந்திருக்கும். கிரீஸோடு அது சேர்ந்தால் சாணைக்கல்தான்.

1,400 ரூபாய் வைத்தியம்

வைத்தியம் எளிது, வரிசைதான் முக்கியம். முதலில் கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் கட்டைகளைப் பார்த்தோம். அது அமுங்கியிருந்தால் பெட்டியே இறங்கி, லிவர் தகட்டில் முட்டும். அப்புறம் என்ன புஷ் போட்டாலும் வீண். எங்களுடையது நன்றாகவே இருந்தது.

லிவர் இரண்டையும் கழற்றி கோவில்பட்டிக்குக் கொண்டுபோனோம். முட்டை ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக, ஆனால் சுத்த வட்டமாகக் கடைந்து, கன்மெட்டல் புஷ் அடித்தார் அண்ணாச்சி. புஷ் வெளிப்பக்கம் லிவரில் இறுக்கமாக உட்கார வேண்டும். உள்பக்கம் பின்னோடு நழுவ வேண்டும். இன்டர்ஃபெரன்ஸ் ஃபிட், ரன்னிங் ஃபிட் என்று இரண்டு மார்க் கேள்விக்கு நாம் எழுதுகிற பதில், அங்கே ஒரு கட்டை விரல் தடிமன் பித்தளை நிற வளையத்தில் ஒரே நேரத்தில் இருந்தது! கெட்டி ஸ்டீலில் புதுப் பின். மழுங்கிய முனையில் வெல்டிங் பூசி, ராடின் பள்ளத்துக்கு அளவு பார்த்துப் பார்த்து அரத்தால் ராவினோம். அது மட்டும் இரண்டு மணி நேரம். ரொம்ப டைட்டாக விட்டால் லிவர் சிக்கும், லூஸாக விட்டால் பழைய குருடி கதவைத் திறடி. பின்னில் கிரீஸ் போக ஒரு துளை. குண்டை அழுத்தும் ஸ்பிரிங்கில் ஒன்று தளர்ந்திருந்தது, இரண்டையுமே மாற்றினோம். புது ரப்பர் உறை.

லேத், வெல்டிங், ஸ்பிரிங், உறை எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். மாட்டிவிட்டு அளந்தேன். பின்னில் 0.1, முனையில் 0.3. கணக்குப்படி மேலே மூணேகால் மி.மீ. வரணும். ஸ்கேல் வைத்தால் நாலுக்குள் நின்றது. லிவரைத் தள்ளினார் மாமா. ‘டக்’. அந்தச் சத்தத்தை அவர் எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாரோ... இன்னொரு தடவை விலக்கி, இன்னொரு தடவை போட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. வருஷக்கணக்காகப் பாதிக் கடியில் ஓடியதால் உள்ளே பல்லின் ஓரங்கள் உருண்டிருக்கின்றன. அதைப் புஷ் சரிபண்ணாது. என்றைக்காவது லிவர் கெட்டியாக இருக்கும்போதே கியர் கழன்றால், அன்றைக்குப் பெட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். மாமாவிடம் இதை மறைக்காமல் சொன்னேன். “எனக்கும் முழங்கால் தேஞ்சுதான் கெடக்கு, நடக்கலையா? ரெண்டு வெள்ளாமை தாண்டட்டும், பிரிப்போம்” என்றார். இரும்புக்கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அத்தை அவ்வளவு லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. மாமா வெறும் வண்டியோடு அதே ஓடையில் இறங்கி மூன்று தடவை ஏறிக் காட்டினார். நாலாவது தடவை, பின்னால் மண் மூட்டைகள் அடுக்கி. கரையில் நின்று பார்த்த அத்தை கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “மழைக்குள்ளயும் இப்படி ஏறுமா?” அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மழைதான் சொல்லணும்.

அதுவரைக்கும் டேஷ்போர்டில் சாக்பீஸால் நான் எழுதிவைத்த நாலு வரியை உங்களுக்கும் தர்றேன். ஃபோர் வீல் ஜீப் ஓட்டுகிற ஃப்ரெண்ட் இருந்தால் சொல்லுங்க.

முதலில் முன் சக்கரம், அப்புறம்தான் லோ. எடுக்கும்போது முதலில் லோ, அப்புறம்தான் முன் சக்கரம்.

லோ போட வண்டியை நிறுத்து. ‘டக்’ கேட்காமல் ஏறாதே.

காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் கூடாது. மறந்து போய் லிவர் சிக்கினால் உதைக்காதே. நேராக நாலடி ரிவர்ஸ் எடு, கிளட்ச்சை மிதி, மெதுவாக இழு.

நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் கட்டாயம். டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருந்தால், கியரில் போட்ட வண்டியும் உருளும்.

நாலாவது வரிக்குக் கீழே, அடுத்த நாள் காலையில் ஐந்தாவதாக ஒரு வரி முளைத்திருந்தது. அத்தையின் கையெழுத்து: ‘மாசம் ஒருக்கா கிரீஸ்.’